ஆச்சிக்கு உம் கொட்டும் முகம்

கல்லிடைக்குறிச்சி வீட்டு மேஜையில் நான் செய்த ஒரு ரோபோ முகம் நிற்கிறது. மூன்று மாத வேலை. சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும், 9 கிராம் எடையுள்ள சின்ன சர்வோ மோட்டார் எட்டு: விழிக்கு, இமைக்கு, புருவத்துக்கு, வாயோரத்துக்கு இரண்டிரண்டு. கழுத்து ஆட்ட மட்டும் பெரியது ஒன்று. விழிகளை அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் செய்பவரிடம் மரத்தில் கடைந்து வாங்கினேன். அரக்கு மெருகில் விளக்கு பட்டால் ஈரக்கண் போலவே மின்னுகிறது. பிளாஸ்டிக்கில் இந்தப் பளபளப்பு வரவில்லை.

முதலில், மோட்டார்களை இயக்கும் சின்னக் கணினியான ஆர்டுயினோ போர்டிலிருந்தே அவற்றுக்குக் கரண்ட் எடுத்தேன். இரண்டு இமையும் சேர்ந்து அசைந்ததும் போர்டு ரீசெட் ஆனது. தனி 5 வோல்ட் சப்ளை போட்டு, இரண்டின் கிரவுண்ட் (மைனஸ்) வயரை மட்டும் சேர்த்துக் கட்டியதும் சரியாகிவிட்டது.

அப்புறம் சிலிக்கோன் ரப்பர் தோல் போர்த்தினேன். ஆச்சி ஒரு தடவைதான் பார்த்தாள். "பொணம் முழிச்ச மாதிரி இருக்குலே, எடுத்துரு" என்றாள். ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970-இல் எழுதியது இதைத்தான். மனிதச் சாயல் ஏற ஏற பொம்மை மேல் பிரியம் கூடும். அச்சு அசலாக ஆவதற்குச் சற்று முன்னால் அந்தப் பிரியம் சட்டென்று அருவருப்பாகிவிடும். முகம் அசைந்தால் இன்னும் மோசம். அந்தப் பிரியத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்ட அவர் வரைந்த கோட்டின் அடிப்பள்ளத்தில் இருப்பதும் நடமாடும் பிணம்தான்.

தோலை உரித்துவிட்டேன். 1990-களின் கடைசியில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் சிந்தியா பிரசீல் செய்த கிஸ்மெட் என்ற ரோபோ தலைக்கும் தோல் கிடையாது. பெரிய கண், புருவம், காது, உதடு, குழந்தை மாதிரி ஒரு மழலை, அவ்வளவுதான். அதனிடமே ஆட்கள் கொஞ்சிப் பேசினார்கள்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பிடித்த வேலை தொடங்கியது. ஆச்சி கதை சொன்னால் உம் கொட்ட ஆள் வேண்டும், இல்லாவிட்டால் நிறுத்திவிடுவாள். மைக் வைத்து, பேச்சு நின்றதும் தலையாட்டும்படி புரோகிராம் எழுதினேன். ஒன்றரை நொடி தாமதம் வைத்தபோது, "இதுக்குக் காது மந்தமா?" என்று கேட்டாள். மனிதர்கள் மாறி மாறிப் பேசும்போது நடுவில் விழும் இடைவெளி சராசரியாக 0.2 நொடிதான். அந்த அளவுக்குக் குறைத்தால், அவள் வெற்றிலையை ஒதுக்க நிறுத்தும்போதெல்லாம் ஆட்டுகிறது. கடைசியில் 0.5 நொடியில் நிறுத்தினேன். கண் சிமிட்டலும் ஒரே கணக்கில் இருந்தால் கடிகாரம் மாதிரி தெரிகிறது. 2 முதல் 6 நொடிக்குள் முன்பின்னாக வைத்திருக்கிறேன்.

ஒருநாள் 1992 தாமிரபரணி வெள்ளத்தைப் பற்றிச் சொன்னாள். கன்றுக்குட்டி அடித்துக்கொண்டு போன இடத்தில் குரல் இறங்கியது. முகம் தலையாட்டி முடித்து, வாயோரத்தை உயர்த்திச் சிரித்தது. ஒவ்வொரு ஆட்டலையும் புன்னகையில் முடிக்கும்படி நான்தான் எழுதியிருந்தேன். ஆச்சி பேசாமல் எழுந்து போய்விட்டாள். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

மறுநாளே சிரிப்பை எடுத்துவிட்டேன். இப்போது குரல் தாழ்ந்தால் பார்வை இறங்கும், புருவத்தின் உள்முனை மெல்ல ஏறும், தலை நிதானமாக ஆடும். அதற்கு எதுவும் புரியாது, சத்தத்தின் அளவை மட்டும்தான் பார்க்கிறது என்று ஆச்சியிடம் சொன்னேன். அதை அவளிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. "தெரியும்லே. காந்திமதி அம்மன்கிட்டயும் பேசத்தான் செய்யுதேன்" என்றாள். வெள்ளக் கதையை அவளாகவே மறுபடி ஆரம்பித்தாள், இந்தத் தடவை கடைசிவரை சொன்னாள்.

நேற்று நடுக்கதையில் கரண்ட் போனது. முகம் கண்ணைத் திறந்தபடியே நின்றுவிட்டது. மெழுகுவர்த்தியோடு வந்து பார்த்தால், ஆச்சி இரண்டு இமைகளையும் விரலால் மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். கரண்ட் போனதும் தானே கண்ணை மூடிக்கொள்ள ஒரு சின்ன பேட்டரி வைக்க வேண்டும். இந்த வாரம் அதுதான் வேலை.