குரோமோகிரானின் ஏ: உயர்ந்த எண்ணும் அதன் பொருளும்

மயிலாப்பூரில் இருக்கும் என் பெரியம்மாவின் ரத்தப் பரிசோதனை அறிக்கையில், ஹார்மோன் சுரக்கும் செல்கள் வெளியிடும் புரதமான குரோமோகிரானின் ஏ-யின் அளவு மிகுந்திருந்ததைக் கண்டு வீடே கலங்கியது. அவர் நெஞ்செரிச்சலுக்காகப் பல ஆண்டுகளாகப் பான்டோபிரசோல் உட்கொள்பவர் என்பதை எவரும் கணக்கில் எடுக்கவில்லை. கணையத்தில் ஹார்மோன் சுரக்கும் கட்டிகள் பலவும் இப்புரதத்தை வெளியிடுவது உண்மையே என்றாலும், அமிலத்தைக் குறைக்கும் இத்தகைய மாத்திரைகள் இரைப்பையில் அமிலச் சுரப்பைத் தூண்டும் ஹார்மோனான காஸ்ட்ரினை உயர்த்தி, அதன்வழியே இரைப்பையின் சில செல்களைத் தூண்டுவதால், கட்டியே இல்லாதவரிடத்தும் இதன் அளவு ஏறும். சிறுநீரகம் பழுதுபட்டாலும் அப்படித்தான். எனவே மாத்திரையை இரண்டு வாரமாவது நிறுத்திய பிறகே மறுபரிசோதனை செய்வது வழக்கம். ஆனால் காஸ்ட்ரினோமா, அதாவது காஸ்ட்ரினை மிகுதியாகச் சுரக்கும் கட்டி, என்ற ஐயம் உள்ளவர் தாமாக நிறுத்தினால் குடற்புண் முற்றி ரத்தப்போக்கு ஏற்படக்கூடும் என்பதால், அம்முடிவு மருத்துவருடையது.

இதைவிட, இன்சுலின் சுரக்கும் கணையக் கட்டியான இன்சுலினோமாவுக்கான சோதனையே எனக்கு நேர்த்தியானதாகத் தோன்றுகிறது. மருத்துவமனையில் 72 மணி நேரம் வரை பட்டினி இருக்கும்போது, தாழ்சர்க்கரையின் அறிகுறிகளோடு ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 55 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிய பிறகும், மில்லிலிட்டருக்கு இன்சுலின் 3 மைக்ரோயூனிட்டும், உடல் இன்சுலினை உருவாக்கும்போது அதனுடன் வெளிவரும் துண்டான சி-பெப்டைடு 0.6 நானோகிராமும் அல்லது அதற்கு மேலும் இருந்தால், உடலே இன்சுலினை அடங்காமல் சுரக்கிறது என்று பொருள். ஊசிவழி ஏறிய இன்சுலினாக இருந்தால் சி-பெப்டைடு தாழ்ந்திருக்கும். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகளோ இரண்டையும் உயர்த்திக் கட்டியைப் போலவே தோற்றம் காட்டும். சர்க்கரை மாத்திரை இல்லாத வீடு அரிதான நம் சென்னையில், அம்மருந்து ரத்தத்தில் உள்ளதா என்றும் சேர்த்தே பார்க்க வேண்டும்.