தி சிம்ஸ் 4: காணாமற்போன கூடுதல் பொருள்களைத் தேடி

ஆகஸ்ட் 9, சனிக்கிழமை

அக்கா மகளின் கணினியில் பழைய வன்தட்டை நீக்கிப் புதிய எஸ்எஸ்டி பொருத்தி, விண்டோஸையும், வீடு கட்டி அதில் மனிதர்களை வாழவைத்து ஆடும் ‘தி சிம்ஸ் 4’ என்ற கணினி விளையாட்டையும் புதிதாக நிறுவியிருக்கிறார்கள். பழைய கோப்புகளும் ஒன்றுவிடாமல் புதிய தட்டுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இருந்தும், அவள் இணையத்திலிருந்து இறக்கிச் சேர்த்து வைத்திருந்த கூடுதல் பொருள்களில் ஒன்றுகூட விளையாட்டுக்குள் தென்படவில்லை. முற்றம் வைத்து அவள் கட்டியிருந்த வீட்டில் மரத்தூண்களும் ஊஞ்சலும் இல்லை. அந்த வீட்டுப் பெண்கள் சேலைக்குப் பதிலாக விளையாட்டே எடுத்துக் கொடுத்த ஏதோ ஓர் உடையில் நிற்கிறார்கள்.

“எல்லாம் போய்விட்டதா மாமா?” என்று தொலைபேசியில் கேட்டாள். எதையும் சேமிக்காமல் உடனே விளையாட்டை விட்டு வெளியே வரும்படி முதலில் சொன்னேன். இதைவிட முக்கியமான அறிவுரை இந்த விஷயத்தில் வேறு இல்லை என்பது என் உறுதியான கருத்து. சேமித்த ஆட்டத்தின் கோப்பில் ஊஞ்சலோ சேலையோ இருப்பதில்லை. இன்ன அடையாள எண் கொண்ட பொருள் இன்ன இடத்தில் இருக்கிறது என்ற குறிப்பு மட்டுமே இருக்கிறது. பொருள் இருப்பது ‘மாட்ஸ்’ என்னும் கோப்புறையில். அந்த எண்ணுக்குரிய பொருள் கிடைக்காதபோது, விளையாட்டு அந்த இடத்தைக் காலியாக விடுகிறது, அல்லது தன்னிடம் உள்ள வேறொன்றால் நிரப்பிக்கொள்கிறது. அந்த நிலையில் சேமித்துவிட்டால் பழைய குறிப்பு அழிந்து புதியது பதிவாகிவிடும். அதன் பிறகு மாட்ஸ் கோப்புறையை எவ்வளவு ஒழுங்காக மீட்டாலும், ஊஞ்சலை மீண்டும் கையால்தான் கொண்டுபோய் வைக்க வேண்டியிருக்கும்.

நல்ல வேளையாக அவள் சேமிக்கவில்லை. ‘சேவ்ஸ்’ கோப்புறை முழுவதையும் ஒரு பென் டிரைவில் நகலெடுத்து வைக்கச் சொன்னேன். அதில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ‘.சேவ்’ என்று முடியும் முதன்மைக் கோப்பும், அதற்கு முந்தைய நிலைகளாக ‘வெர்0’ முதல் ‘வெர்4’ வரை முடியும் ஐந்து கோப்புகளும் இருக்கும். தவறுதலாகச் சேமித்துவிட்டவர்களுக்கும் அந்த ஐந்தில் ஒன்று பெரும்பாலும் கைகொடுக்கும்.

ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை

இன்று அமைப்புகளைப் பார்த்தோம். ‘கேம் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் ‘அதர்’ என்ற பிரிவுக்குள் இரண்டு தேர்வுப்பெட்டிகள் இருக்கின்றன. ஒன்று கூடுதல் பொருள்களையும், விளையாட்டை மாற்றியமைக்கப் பிறர் செய்து தரும் சேர்க்கைகளான மாட்களையும் அனுமதிப்பது. மற்றொன்று நிரலாக எழுதப்பட்ட ஸ்கிரிப்ட் மாட்களை அனுமதிப்பது. புதிதாக நிறுவிய விளையாட்டில் இரண்டும் அணைந்தே இருக்கும். விளையாட்டு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் இவை தாமாகவே அணைந்துவிடுகின்றன. 2014 செப்டம்பரில் வெளியான விளையாட்டுக்கு இன்றுவரை புதுப்பிப்புகள் வந்துகொண்டே இருப்பதால், ‘நேற்று இருந்தது, இன்று இல்லை’ என்று சொல்பவர்களில் பலருக்கு விடை இந்த இரண்டு பெட்டிகளிலேயே இருக்கிறது. இதைக் குறையாக நான் கருதவில்லை. புதுப்பிப்பால் பழுதுபட்ட ஒரு மாட், சேமித்த ஆட்டத்தைக் கெடுத்துவிடாமல் இருக்க இது ஒரு தடுப்பு.

இரண்டையும் தேர்வு செய்து, விளையாட்டை மூடி, மீண்டும் திறக்கச் சொன்னேன். மூடித் திறக்காமல் இந்த மாற்றம் நடைமுறைக்கு வராது. மாட்ஸ் கோப்புறையில் எதையாவது கண்டுகொண்டால், தொடக்கத்திலேயே ஒரு சன்னல் திறந்து அவற்றைப் பட்டியலிட்டுக் காட்டும். அவளுக்கு அந்தச் சன்னல் வரவில்லை. அப்படியென்றால், விளையாட்டு பார்க்கும் கோப்புறையும் அவள் பார்க்கும் கோப்புறையும் ஒன்றல்ல என்ற ஐயம் எனக்கு எழுந்திருக்கிறது.

ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை

ஐயம் சரியாயிற்று. இந்தக் கணினியில் ‘டாக்குமென்ட்ஸ்’ என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் இருக்கின்றன. ஒன்று சி தட்டில் பயனர் பெயருக்குக் கீழே நேரடியாக உள்ளது. பழைய தட்டின் நகல் அங்கேதான் இருக்கிறது. மற்றொன்று இணையச் சேமிப்புச் சேவையின் கோப்புறைக்குள் உள்ளது. அவள் தன் கணக்கில் உள்நுழைந்ததும் விண்டோஸ் இந்த இரண்டாவதையே தன் ஆவணக் கோப்புறையாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. விளையாட்டு தானாக ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. விண்டோஸ் எதை ஆவணக் கோப்புறை என்று காட்டுகிறதோ அங்கே போய் ‘எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்’, அதற்குள் ‘தி சிம்ஸ் 4’ என்று தேடும். சேமித்த ஆட்டங்கள் முன்பே இணையத்தில் ஏறியிருந்ததால் அவை வந்துவிட்டன. இலவச இடம் நிரம்பிவிட்டதால் எடை மிகுந்த மாட்ஸ் கோப்புறை அங்கே ஏறவே இல்லை. வீடு வந்து, வீட்டுச் சாமான் வராமல்போனதற்கு இதுதான் காரணம்.

எந்தக் கோப்புறையை விளையாட்டு உண்மையில் பயன்படுத்துகிறது என்பதை ஊகித்து முடிவு செய்யக் கூடாது. இரண்டு இடங்களிலும் ‘ஆப்ஷன்ஸ்’ என்ற அமைப்புக் கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தைப் பார்த்தால் போதும். இன்று விளையாடிய நேரம் எதில் பதிந்திருக்கிறதோ அதுவே உண்மையான இடம். பிற மொழிகளில் விளையாடுவோருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. விளையாட்டின் மொழியைப் பிரெஞ்சுக்கு மாற்றினால் அதன் கோப்புறை ‘லே சிம்ஸ் 4’ என்றும், ஜெர்மனுக்கு மாற்றினால் ‘டீ சிம்ஸ் 4’ என்றும் புதிதாக உருவாகிவிடும். பழைய பெயருள்ள கோப்புறையை விளையாட்டு திரும்பியும் பார்க்காது.

சரியான இடத்தைக் கண்ட பிறகு, முதலில் ஒரே ஒரு கோப்பை மட்டும் மாட்ஸ் கோப்புறையின் மேல்மட்டத்தில் வைக்கச் சொன்னேன். வேறு எந்தக் கோப்பையும் சாராத, எந்தக் கூடுதல் பேக்கும் (அடிப்படை விளையாட்டுடன் தனியாகச் சேர்க்கும் தொகுப்பு) தேவைப்படாத ஒரு குத்துவிளக்கு அது. விளையாட்டைத் திறந்ததும் பட்டியல் சன்னல் வந்தது; விளக்கும் கடைப் பகுதியில் இருந்தது. இந்தச் சோதனையை நான் மிகவும் நம்புகிறேன். ‘விளையாட்டு இந்தக் கோப்புறையைப் படிக்கிறதா’ என்பதும் ‘இந்தப் பொருள் ஏன் தெரியவில்லை’ என்பதும் வேறு வேறு கேள்விகள். இரண்டையும் கலந்துகொள்பவர்கள், நன்றாக இருக்கும் கோப்புகளைக்கூட அழித்து அழித்து மீண்டும் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 13, புதன்கிழமை

மீதிக் கோப்புகளையும் அவளே கொண்டுவந்து வைத்துவிட்டாள். பாதி வந்தது, பாதி வரவில்லை. தூண்கள் வந்தன, ஊஞ்சல் வரவில்லை. சேலைகளில் சில வந்தன. ஸ்கிரிப்ட் மாட்களில் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. கேட்பவருக்கு இது குழப்பமான செய்திதான். ஆனால் இப்படிப் பாதி வருவதும் பாதி வராததும் துப்பறியும் வேலையில் பெரிய உதவி. ஏதோ ஒரு விதி இவற்றைப் பிரிக்கிறது. அந்த விதியைத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

மாட்ஸ் கோப்புறைக்குள் ‘ரிசோர்ஸ்’ என்ற பெயரில் ‘சிஎஃப்ஜி’ என்று முடியும் ஒரு சிறிய கோப்பு இருக்கும். அதை நோட்பேடில் திறந்து படிக்கச் சொன்னேன். முதல் வரியில் முன்னுரிமை 500 என்று இருக்கிறது. அடுத்து வரும் ஒவ்வொரு வரியும், ‘பேக்கேஜ்’ என்று முடியும் கோப்புகளை எந்த ஆழம் வரை தேடலாம் என்று விளையாட்டுக்குச் சொல்கிறது: மேல்மட்டம், ஓர் உட்கோப்புறை, அதற்குள் ஒன்று, என்று ஐந்து அடுக்கு வரை. ஆறாம் அடுக்குக்கு வரி இல்லை. ஆகவே அங்கே இருப்பது எதுவும் விளையாட்டைப் பொறுத்தவரை இல்லாத பொருளே. ஸ்கிரிப்ட் கோப்புகளுக்கு விதி இன்னும் கடுமையானது. அவை மேல்மட்டத்திலோ ஒரே ஓர் உட்கோப்புறைக்குள்ளோ இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் படிக்கப்படுவதில்லை.

அவள் பழைய தட்டின் நகலை அப்படியே இழுத்து மாட்ஸுக்குள் போட்டிருந்தாள். எனவே பாதை இப்படி அமைந்துவிட்டது: மாட்ஸுக்குள் ‘பழைய தட்டு’, அதற்குள் ‘டாக்குமென்ட்ஸ்’, அதற்குள் ‘எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்’, அதற்குள் ‘தி சிம்ஸ் 4’, அதற்குள் பழைய ‘மாட்ஸ்’. பழைய மாட்ஸ் என்பது சரியாக ஐந்தாம் அடுக்கு. அதில் உதிரியாகக் கிடந்த கோப்புகள் எல்லாம் வந்துவிட்டன. ஒழுங்காக ‘வீடு’, ‘உடை’, ‘முடி’ என்று அவள் பிரித்து வைத்திருந்தவை ஆறாம் அடுக்கில் இருந்ததால் வரவில்லை. ஸ்கிரிப்ட் கோப்புகள் எந்த அடுக்கில் இருந்தாலும் ஒன்றைத் தாண்டிவிட்டதால் அவையும் வரவில்லை. தூண் வந்து ஊஞ்சல் வராத புதிர் இந்த ஒரு கணக்கில் முழுமையாக அவிழ்ந்தது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது.

இடையில் இருந்த வெற்றுக் கோப்புறைகளை நீக்கி, ‘வீடு’, ‘உடை’, ‘முடி’ மூன்றையும் மேலே கொண்டுவந்தோம். அந்த ரிசோர்ஸ் கோப்பு எப்போதாவது அழிந்துவிட்டாலும் கவலை வேண்டாம். அடுத்த முறை திறக்கும்போது விளையாட்டே புதிதாக எழுதிக்கொள்ளும். கூடவே ‘லோக்கல்தம்ப்கேஷ்’ என்ற கோப்பையும் அழிக்கச் சொன்னேன். பொருள்களின் சிறுபடங்களைத் தேக்கி வைக்கும் கோப்பு அது. மாட்ஸில் பெரிய மாற்றம் செய்த பிறகும் பழைய நிலையே தெரிந்துகொண்டிருந்தால் இதை அழிப்பது பயன்தரும், ஆட்டத்துக்கு இழப்பு எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை

விடுமுறை என்பதால் நேரில் போய் அவளுடன் உட்கார்ந்தேன். ஊஞ்சல் வந்துவிட்டது. சில தலைமுடிகள் மட்டும் இல்லை. காரணம் எளிது: அவை இன்னும் ஜிப் கோப்புகளாகவே இருந்தன. விண்டோஸ் ஜிப் கோப்பைக் கோப்புறை போலவே திறந்து காட்டுவதால், பிரித்தாயிற்று என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். விளையாட்டு ஜிப்புக்குள் பார்ப்பதில்லை. கோப்புகளின் நீட்டிப்பை விண்டோஸ் வழக்கமாக மறைத்தே வைத்திருப்பதால், ‘வியூ’ பட்டியலில் அதைக் காட்டும்படி மாற்றிக் கொடுத்தேன். ஸ்கிரிப்ட் கோப்புகளுக்கு இதற்கு நேர்மாறான எச்சரிக்கை தேவை. அவையும் உள்ளுக்குள் ஜிப் அமைப்புக் கொண்டவையே. ஆனால் அவற்றைப் பிரிக்கவே கூடாது.

ஸ்கிரிப்ட் மாட்களில் ஒன்று மட்டும் இன்னும் அசையவில்லை. அது மிகப் பழையது. 2018 நவம்பரில் வந்த புதுப்பிப்பில் விளையாட்டு, ஸ்கிரிப்ட்கள் எழுதப்படும் நிரல்மொழியான பைத்தானின் 3.3 பதிப்பிலிருந்து 3.7-க்கு மாறியது; அதற்கு முன் தொகுக்கப்பட்ட ஸ்கிரிப்ட்கள் அன்றே நின்றுபோயின. அதை உருவாக்கியவரின் பக்கத்திலிருந்தே புதிய பதிப்பை எடுத்துக்கொண்டோம். ஸ்கிரிப்ட் என்பது கணினியில் ஓடும் நிரல். 2024-இல் சிலர் தீங்கு நிரலை மாட் என்று சொல்லி ஏற்றிவிட்ட செய்திகள் வந்ததால், யாரோ மறுபதிவேற்றம் செய்த ஸ்கிரிப்ட்டை ஏற்க வேண்டாம் என்று அவளிடம் கண்டிப்பாகவே சொன்னேன்.

இன்னொரு சேலை ‘காணவில்லை’ என்றாள், அது காணாமற்போகவில்லை. உடை தேர்வுப் பகுதியில், எவற்றை மட்டும் காட்ட வேண்டும் என்று வடிகட்டும் சில ஃபில்டர்கள் முன்கூட்டியே போடப்பட்டிருக்கும். அந்தச் சேலையை உருவாக்கியவர் அதை விழா உடையாக மட்டும் குறித்திருந்தார். இவள் அன்றாட உடைகளில் தேடிக்கொண்டிருந்தாள். ஃபில்டர்களை எல்லாம் நீக்கிவிட்டு ‘கஸ்டம் கன்டென்ட்’ என்பதை மட்டும் தேர்ந்தால், இறக்கிய உடைகள் அனைத்தும் ஒரே இடத்தில் வரிசையாக வந்துவிடுகின்றன. எதையும் மீண்டும் இறக்குவதற்கு முன் செய்ய வேண்டியது இது.

ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை

மிச்சம் இருந்தவை இரண்டு வகை. ஒரு சாய்வு நாற்காலியின் தேக்கு நிறக் கோப்பு இருக்கிறது, ஆனால் நாற்காலி இல்லை. அந்தக் கோப்பு ரீகலர் மட்டுமே. அதாவது வேறொருவர் செய்த நாற்காலிக்கு இவர் நிறம் மட்டும் கொடுத்திருக்கிறார். நாற்காலியின் உருவமான மெஷ் தனிக் கோப்பு. அது இல்லாமல் நிறத்துக்கு ஒட்ட இடமில்லை. ரீகலருடன் வந்த குறிப்பில் மூலப் படைப்பாளியின் பக்கம் சொல்லப்பட்டிருந்ததால் மெஷ்ஷை எடுக்க முடிந்தது. இறக்கும்போதே அந்தக் குறிப்பைக் கோப்புடன் சேர்த்து வைப்பவர்கள் குறைவு. ஊதியம் எதிர்பார்க்காமல் பிறருக்காக உழைத்துச் செய்து தருகிறவர்களின் பெயரும் பக்கமும் அதில்தான் இருக்கின்றன. அதை எறிந்துவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

இரண்டாவது வகை, கூடுதல் பேக்கைச் சார்ந்தவை. 2022 அக்டோபர் முதல் அடிப்படை விளையாட்டு இலவசம். பேக்குகளைத் தனியாக நிறுவ வேண்டும். அவள் விலைகொடுத்து வாங்கிய பேக் ஒன்றைப் புதிய தட்டில் இன்னும் நிறுவவில்லை. அந்தப் பேக்கின் பொருளை அடியாகக் கொண்டு செய்த இரண்டு அலமாரிகள் அதனால்தான் தெரியவில்லை. நிறுவியதும் வந்துவிட்டன.

விளையாட்டுக்குள் உள்ள தன் நூலகத்தில் சேமித்திருந்த வேறொரு வீடும் இல்லை என்று கடைசியாகச் சொன்னாள். அது ‘ட்ரே’ கோப்புறையில் பத்திரமாகவே இருந்தது. கூடுதல் பொருள் ஒன்றேனும் உள்ள வீட்டை நூலகம் இயல்பாகக் காட்டாது. மேம்பட்ட ஃபில்டரில் அத்தகையவற்றையும் சேர்த்துக் காட்டும்படி தேர்வு செய்ய வேண்டும். தேர்வு செய்ததும் வீடு வந்தது.

எல்லாம் சரியான பிறகே, 9-ஆம் தேதி நகலெடுத்த சேவ்ஸ் கோப்புறையிலிருந்து ஆட்டத்தைத் திறந்து, முற்றத்தையும் அறைகளையும் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்து, உடைகளையும் சரிபார்த்து, பழையதன் மேல் எழுதாமல் புதிய பெயரில் சேமித்தாள். மாட்ஸ் கோப்புறையின் முழு நகல் ஒன்றும் இப்போது அவளுடைய வெளித்தட்டில் இருக்கிறது.