தண்ணீருக்கு முன்னால் வரும் சத்தம்

மும்பையில் ஒரு கல்லூரியில் சுற்றுச்சூழல் அறிவியல் கற்பிக்கிறேன். என் வகுப்பையும் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலுள்ள ஒரு வகுப்பையும் இணையவழியே சேர்த்து, ‘நகரமும் குடிநீரும்’ என்ற பகுதியை இரண்டு ஊர் மாணவர்களும் ஒன்றாகப் படிக்கும்படி நடத்திப் பார்த்தோம். முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. எப்படி ஆரம்பித்தீர்கள், எந்தச் செயலி நல்லது என்று சக ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். செயலியைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. மற்றதைச் சொல்கிறேன்.

இந்த முறைக்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர்: Collaborative Online International Learning. சுருக்கினால் நான்கு எழுத்து, COIL. தமிழ்க் கண்ணுக்கு அது ‘கோயில்’ என்றுதான் படும். “சாயங்காலம் கோயில் மீட்டிங் இருக்கிறது” என்று நான் போனில் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டு அம்மா, “எந்தக் கோயிலில்?” என்றார். தமிழர்களும் கோயில்களும் நிறைந்த மும்பை மாதுங்காவில் குடியிருப்பவருக்கு அது நியாயமான கேள்வி. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் 2006இல் இதற்கென ஒரு மையம் தொடங்கினார்கள். தொடங்கிய ஜான் ரூபின் திரைப்படக் கலை கற்பித்தவர். யோசனை எளிது. யாரும் விமானம் ஏற வேண்டாம். இரண்டு நாட்டு ஆசிரியர்கள் தத்தம் பாடத்தில் ஐந்து முதல் எட்டு வாரத்தைப் பொதுவாக்கி, மாணவர்களைக் கலந்து குழு பிரித்து, சேர்ந்து ஒரு வேலையைச் செய்யவைக்க வேண்டும்.

முதலில் துணை தேட வேண்டும். பதினேழு மின்னஞ்சல் அனுப்பினேன், மூன்று பதில் வந்தன, ஒன்று தேறியது. ஹாம்பர்க் பேராசிரியை என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முதல் பேச்சிலேயே பெயர் சொல்லிக் கூப்பிடும்படி சொன்னார். எனக்கு நாக்கு எழவில்லை. கடைசிவரை ‘புரொபசர்’ என்றே ஓட்டிவிட்டேன்.

கல்லூரி அலுவலகத்தில் கோப்பு மூன்று வாரம் தூங்கியது. ‘வெளிநாட்டுப் பல்கலைக்கழகம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் கண்காணிப்பாளர், பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட இணைப் பட்டம், இரட்டைப் பட்டம் பற்றிய விதிமுறைகளை அச்செடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். “யாருக்கும் பட்டம் கொடுக்கவில்லை சார். என் பாடத்துக்குள் ஆறு வாரம், மதிப்பெண்ணும் நான்தான் போடுகிறேன்” என்று நான்கு முறை சொன்னேன். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, உள்நாட்டில் இருந்தபடியே பன்னாட்டுக் கல்விச் சூழலை உருவாக்குவதைப் பற்றிப் பேசுகிறது. அந்த வரியை மஞ்சள் கோடிட்டு இணைத்த பிறகுதான் கையெழுத்து விழுந்தது. புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் கடிதத்தில் ‘ஒப்பந்தம்’ என்ற சொல்லை எழுதவே எழுதாதீர்கள். ‘பாடப்பகுதிச் செயல்திட்டம்’ என்று எழுதுங்கள். கோப்பு நகரும்.

அடுத்தது நாள்காட்டி. ஹாம்பர்க்கில் குளிர்காலப் பருவ வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி ஆரம்பத்தில் முடிந்துவிடும். எங்களுக்கு அக்டோபரும் நவம்பரும் தேர்வுக்கும் தீபாவளிக்கும் போய்விடும். டிசம்பரில் நாங்கள் சூடுபிடிக்கும்போது அவர்கள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கிளம்புவார்கள். சலித்து எடுத்ததில் டிசம்பரில் இரண்டு வாரமும் ஜனவரியில் நான்கு வாரமும் தேறின.

முன்னேற்பாட்டுக்காகத் திங்கள்தோறும் அவருடைய பிற்பகல் மூன்று மணிக்குப் பேசுவோம். எனக்கு மாலை ஆறரை. அக்டோபர் கடைசித் திங்களன்று ஆறரைக்கு உட்கார்ந்தேன். ஆளைக் காணவில்லை. கோபித்துக்கொண்டாரோ, என் கடைசி மின்னஞ்சலில் ஏதாவது தவறாக எழுதிவிட்டேனோ என்று அதைத் திறந்து மூன்று முறை படித்தேன். ஏழரைக்கு அவர் காப்பிக் கோப்பையோடு சிரித்துக்கொண்டே திரையில் தோன்றினார். முந்தின நாள், அக்டோபர் கடைசி ஞாயிறு, ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவைத்திருக்கிறார்கள். மூன்றரை மணி வித்தியாசம் ஒரே இரவில் நாலரை ஆகிவிட்டது. வருடம் முழுவதும் ஒரே நேரத்தில் வாழும் நமக்கு இது எங்கே தோன்றும்? அன்றிலிருந்து இரண்டு ஊர் நேரத்தையும் அருகருகே எழுதாமல் நான் ஓர் அழைப்பும் அனுப்பவில்லை.

எங்கள் பக்கம் 24 மாணவர்கள், அவர்கள் பக்கம் 16. மூவரும் இருவருமாக எட்டுக் குழுக்கள். பிரித்த அன்றே எங்கள் பிள்ளைகள் எட்டு வாட்ஸ்ஆப் குழுக்களைத் தொடங்கத் தயாராகிவிட்டார்கள். ஹாம்பர்க்கிலிருந்து தடை வந்தது. ஒரு மாணவரின் தொலைபேசி எண்ணை இன்னொருவருக்குத் தருவது அங்கே விளையாட்டல்ல. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகள் அப்படி. வகுப்பை ஒளிப்பதிவு செய்ய ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கச் சொன்னார் பேராசிரியை. எல்லாம் அவர்களுடைய மூடுல் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் நடக்கட்டும் என்றார். சரி என்றேன். ஆனால் எங்களில் பாதிப் பேருக்கு மடிக்கணினி இல்லை. கைபேசியில் நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி, அதிலும் தம்பி தங்கைக்குப் பங்கு. அதனால் காணொலிகளை விட்டுவிட்டு, ஒரு படம் அல்லது இரண்டு நிமிடக் குரல்பதிவு போதும் என்று குறைத்துக்கொண்டோம்.

முதல் வாரம் படுதோல்வி. ‘உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்’ என்று கொடுத்தோம். எங்களிடமிருந்து 24 வேலை விண்ணப்பங்கள் போயின: கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து பணியாற்றுவேன், பொழுதுபோக்கு கிரிக்கெட். அவர்களிடமிருந்து ஆளுக்கு மூன்று வரி. இரண்டாம் வாரம் கேள்வியை மாற்றினோம்: உன் வீட்டுக் குழாயைப் படம் எடுத்துப் போடு.

ஹாம்பர்க் படங்களில் பளபளக்கும் ஒரு குழாய், கீழே ஒரு கண்ணாடித் தம்ளர். எங்கள் படங்களில் குழாய்முனையில் கட்டிய வெள்ளைத் துணி, நீல டிரம், பால்கனியில் அடுக்கிய குடங்கள். “துணி எதற்கு?” என்று ஹாம்பர்க் மாணவன் ஒருவன் கேட்டான். அரை மணி நேரத்தில் ஆறு பதில். இரண்டு வகுப்பும் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தது அங்கேதான்.

ஒரு மாணவி மட்டும் படம் போடவில்லை. தாராவியிலிருந்து வருபவள், தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். வகுப்பு முடிந்தபின் தமிழில் மெதுவாகச் சொன்னாள்: “மேடம், எங்கள் குழாய் வீட்டுக்குள் இல்லை, சந்தில் இருக்கிறது. படம் எடுத்தால் சந்தும் சேர்ந்து தெரியும். தாராவி என்றால் எல்லோரும் ஏற்கெனவே ஒரு படம் வைத்திருக்கிறார்கள். அதையே நானும் எடுத்துக் கொடுக்க வேண்டுமா?”

சுருக்கென்றது. சம்மதப் படிவத்தில் 24 கையெழுத்து வாங்கிக் கோப்பில் கட்டிவைத்தவள் நான். வீட்டைக் காட்டச் சம்மதமா என்று ஒருவரையும் கேட்கத் தோன்றவில்லை. “வேறு எப்படிச் செய்யலாம், நீயே சொல்” என்றேன்.

இரண்டு நாள் கழித்து அவள் ஏற்றியது ஒரு நிமிடம் நாற்பது வினாடி ஒலிப்பதிவு. அதிகாலை ஐந்தேகால் மணி. பிளாஸ்டிக் குடங்கள் ஒன்றோடொன்று இடிபடுகின்றன. யாரோ கொட்டாவி விடுகிறார்கள். பிறகு ஒரு சீறல். குறட்டைபோல இழுத்து, இருமி, நின்று, மறுபடியும் சீறுகிறது. ஒரு பெண்மணி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி எழுப்புகிறார். அதன் பிறகே குடத்தில் நீர் விழும் ஓசை. கீழே ஒரே வரி எழுதியிருந்தாள்: ‘இது என்ன?’

ரயில் பிரேக் என்றான் ஹாம்பர்க் மாணவன் ஒருவன். காப்பி இயந்திரம் என்றாள் ஒருத்தி. மும்பைப் பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிட்டது. சொல்லாமல் வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாம் நாள் அவளே விடை சொன்னாள்: காலியான குழாயில் தண்ணீர் ஏறும்போது அதற்கு முன்னால் தள்ளப்படும் காற்று அது. இப்போது அவர்களுக்குக் குழப்பம் கூடிவிட்டது. குழாய் ஏன் காலியாக இருக்க வேண்டும்? பகுதிக்குப் பகுதி முறைவைத்துச் சில மணி நேரம் மட்டும் நீர் திறப்பது, அழுத்தம் இல்லாத நேரத்தில் விரிசல் வழியாக வெளி அழுக்கு உள்ளே இழுபடுவது, அதனால் துணி, அதனால் கொதிக்கவைப்பது என்று பேச்சு தானாகவே நீண்டது. இதையெல்லாம் வருடாவருடம் இரண்டு வகுப்பு எடுத்துக் கத்திக்கொண்டிருந்தேன்.

ஹாம்பர்க் குழுவும் சும்மா இருக்கவில்லை. 1892இல் அவர்கள் ஊரில் காலரா வந்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எல்பே ஆற்று நீரை வடிகட்டாமலே குழாயில் விட்டிருந்தார்களாம். ஒட்டியே இருந்த ஆல்டோனா அப்போது தனி நகரம். அதே ஆற்று நீரை மணலில் வடிகட்டிக் கொடுத்ததால் பெரும்பாலும் தப்பித்தது. விசாரிக்கப் போன ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக், அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பு கல்கத்தாவில் காலராக் கிருமியை ஆராய்ந்தவர். எங்கள் பக்கத்தில் ஒருவன் தேடி எடுத்தான்: அதே 1892இல்தான் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து தான்சா ஏரி நீர் மும்பைக்கு வந்தது. இரண்டையும் ஒரே கால அட்டவணையில் எழுதிய பிறகு, எங்கள் பிள்ளைகள் வாய்க்கு வாய் ‘ஜெர்மனியில் எல்லாம் சரியாக இருக்கும்’ என்று சொல்வது குறைந்தது. ஹாம்பர்க் இன்று குடிப்பது நிலத்தடி நீரை. மும்பைக்கு ஏழு ஏரிகளிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 390 கோடி லிட்டர் வருகிறது. அதைச் சுமக்கும் பெருங்குழாய்களில் சில தாராவியை ஒட்டியே போகின்றன. அந்த வாக்கியத்தை அறிக்கையில் எழுதியது அந்தத் தாராவி மாணவிதான்.

சண்டையும் உண்டு. பொது ஆவணத்தில் ஒரு ஹாம்பர்க் மாணவி ‘இது தவறு’ என்று ஓரத்தில் எழுதிவிட்டுப் போய்விட்டாள். எங்கள் பையன் இரண்டு நாள் தளத்துப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. அவன் கோபத்தைச் சொன்னபோது அவள் திகைத்தாள். எண் தவறு, ஆகவே தவறு என்று எழுதினாளாம். நம் பக்கத்துக் குறை வேறு மாதிரி. வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா என்று கேட்டால் எல்லோரும் ‘முடியும்’ என்பார்கள். எந்த வெள்ளிக்கிழமை என்பது தனிக் கேள்வி.

அடுத்த முறை, எல்லோரும் ஒரே நேரத்தில் திரையில் கூடும் நேரடி வகுப்பை ஐந்திலிருந்து இரண்டாகக் குறைக்கப்போகிறேன். நாற்பது முகங்கள் சின்னச் சின்னக் கட்டங்களில், பேசுவது நானும் அவரும் மட்டும். குழுக்கள் தங்கள் வசதிப்படி ஏற்றிய பதிவுகளில்தான் வேலை நடந்தது. மதிப்பெண்ணையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இங்கே 20 மதிப்பெண்ணுக்கும் அங்கே வெறும் தேர்ச்சிக்கும் என்பது நடுவில் தெரியவந்து முணுமுணுப்பு எழுந்தது.

கடைசி வகுப்பில் ஹாம்பர்க் மாணவர்கள் பதிலுக்கு ஓர் ஒலிப்பதிவு கொண்டுவந்தார்கள். அவர்கள் சமையலறைக் குழாய். திருகும் சத்தம், உடனே நீர். பன்னிரண்டு வினாடியில் முடிந்துவிட்டது. தாராவி மாணவி மைக்கை அணைக்க மறந்து என்னிடம் தமிழில் கேட்டாள்: “மேடம், இவர்கள் குழாய்க்கு மூச்சே வாங்காதா?”

என்ன சொல்கிறாள் என்று அவர்கள் கேட்டார்கள். நீயே சொல் என்றேன். ஆங்கிலத்தில் இரண்டு முறை தொடங்கிப் பார்த்தாள். பிறகு மைக்கருகே வாயை வைத்து மூச்சு வாங்கிக் காட்டினாள்.