படிவத்தில் சாலைக்கு இடமில்லை

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் நுரையீரல் செயல்திறன் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகத் தொழில்நுட்பப் பணியாளராக இருக்கிறேன். நோயாளிகள் எங்கள் அறையை ‘ஊதுற ரூம்’ என்றுதான் சொல்வார்கள். காலையில் மூன்று லிட்டர் அளவுள்ள சிரிஞ்சால் கருவிக்குள் காற்றைத் தள்ளி அளவு சரிபார்ப்பதில் தொடங்கும் வேலை, மூக்கில் கிளிப் மாட்டிய முப்பது நாற்பது பேரிடம் ‘ஊதுங்க, ஊதுங்க, இன்னும் ஊதுங்க’ என்று தொண்டை கட்டக் கத்துவதில் முடியும். முழு மூச்சை இழுத்து வேகமாக ஊதும்போது முதல் நொடியில் வெளிவரும் காற்று, மொத்தமாக வெளிவரும் காற்றில் எத்தனை பங்கு என்பதே இந்தப் பரிசோதனையின் உயிர்நாடி. மருந்தை உறிஞ்சக் கொடுத்துக் கால்மணி நேரம் காத்திருந்து மறுபடி ஊதச் சொன்ன பிறகும் அந்தப் பங்கு பத்தில் ஏழுக்குக் கீழேயே நின்றுவிட்டால், மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாகச் சுருங்கியிருக்கின்றன என்று மருத்துவர் கருதுவார்.

ஊத வைப்பதற்கு முன் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். பெயர், வயது, உயரம், எடை ஆகியவற்றுக்கு அடுத்து வருவது புகைப்பழக்கம். ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட், எத்தனை ஆண்டுகள் என்று கேட்டு இரண்டையும் பெருக்கி எழுதுவேன். கட்டுக் கணக்கில் சொல்பவர்களிடம் ஒரு கட்டு எத்தனை நாள் வரும் என்று கேட்டுப் பீடியை எண்ணிக்கொள்வேன். இருபது ஆண்டுகள் நாளுக்கு ஒரு பாக்கெட் புகைத்தவருக்கு இருபது என்ற ஒற்றை எண் கிடைத்துவிடும். அந்த நோயாளி இருபது ஆண்டுகள் எந்தச் சாலையோரம் நின்றார், எந்த ஆலையின் காற்று வீசும் திசையில் குடியிருந்தார் என்பதை எழுதப் படிவத்தில் கட்டம் கிடையாது. பணியில் சேர்ந்து பல ஆண்டுகள் வரை இது ஒரு குறை என்றே எனக்குத் தோன்றியதில்லை.

தோன்ற வைத்தவர் ஒரு சுமைவண்டி ஓட்டுநர். ஐம்பது வயதை நெருங்கியவர், அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்து துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிச் செல்பவர். நாளுக்குப் பத்து சிகரெட் என்று நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, ‘மேடம், எண்ணூர் ரோட்டுல ட்ரெய்லர் பின்னாடி மூணு மணி நேரம் நிக்கிறேன். அந்தப் புகைக்கு முன்னாடி இந்தப் பத்து சிகரெட்டெல்லாம் ஒரு கணக்கா? டெல்லியில மூச்சு விட்டாலே அம்பது சிகரெட்டுன்னு பேப்பர்ல போட்டிருந்தானே’ என்றார். அது 2017 நவம்பரில் டெல்லி புகைமூட்டத்தில் மூழ்கியிருந்த சமயம். ‘அப்படியெல்லாம் இல்லைங்க’ என்று சொல்லி அவரை ஊத வைத்துவிட்டேன். ஆனால் ஏன் அப்படி இல்லை என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

அந்தச் செய்தியின் வேரைத் தேடிப்போனபோது அமெரிக்காவின் பெர்க்லி எர்த் என்ற ஆய்வு அமைப்பு 2015இல் வெளியிட்ட ஒரு கணக்கு கிடைத்தது. காற்றின் ஒரு கனமீட்டரில் பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள் 22 மைக்ரோகிராம் இருந்தால், அதை ஒரு நாள் முழுவதும் சுவாசிப்பது ஒரு சிகரெட்டுக்குச் சமம் என்பது அது. துகளைத் துகளோடு எடைபோட்டு வந்த எண் இல்லை. மரணத்தை மரணத்தோடு வகுத்து வந்த எண். அமெரிக்காவில் புகைபிடித்தலால் ஆண்டுக்கு 4,80,000 பேர் இறக்கிறார்கள். விற்கும் சிகரெட்டுகளால் அதை வகுத்தால் பத்து லட்சம் சிகரெட்டுக்கு ஏறக்குறைய 1.4 மரணம். சீனாவில் காற்று மாசால் ஆண்டுக்கு 16 லட்சம் பேர் இறப்பதாக அவர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். அத்தனை மரணத்துக்கு எத்தனை சிகரெட் வேண்டும் என்று கணக்கிட்டு, மக்கள்தொகைக்கும் நாட்களுக்கும் பங்கிட்டால் தலைக்கு நாளொன்றுக்குச் சுமார் 2.4 சிகரெட் வரும். அந்நாட்டின் சராசரி நுண்துகள் அளவு 52 மைக்ரோகிராம். ஆக, ஒரு சிகரெட்டுக்கு 22.

எடைபோட்டுப் பார்த்தால் இதே கணக்கு வேறு முகம் காட்டுகிறது. ஒருவர் நாளொன்றுக்கு 15,000 லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறார் என்று வைத்துக்கொண்டால், 22 மைக்ரோகிராம் செறிவில் அவர் உள்ளே இழுக்கும் நுண்துகளின் எடை ஒரு மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்குதான். ஒரு சிகரெட்டிலிருந்து நெஞ்சுக்குள் போகும், தார் எனப்படும் புகைத்துகளோ சுமார் 10 மில்லிகிராம். முப்பது மடங்கு வித்தியாசமுள்ள இரண்டு அளவுகள் எப்படி ஒரே எண்ணிக்கையில் மரணத்தைத் தரும் என்ற கேள்வி என்னைச் சில வாரங்கள் தூங்கவிடவில்லை என்று சொன்னால் மிகை. ஆனால் மதியச் சாப்பாட்டு வேளைகளை விழுங்கியது உண்மை.

விடையின் பெரும்பகுதி இதயத்தில் இருந்தது. ஆர்டன் போப் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் நகரக் காற்று, பிறர் விடும் புகை, நேரடிப் புகைபிடித்தல் மூன்றையும் ஒரே கோட்டில் வைத்து 2009இலும் 2011இலும் ஆராய்ந்தார்கள். நுரையீரல் புற்றுநோய் உள்ளே போகும் அளவுக்கு ஏற்ப ஏறக்குறைய நேராக உயர்கிறது. இதயநோய் மரணமோ மிகக் குறைந்த அளவிலேயே செங்குத்தாக ஏறி, அளவு கூடக்கூடச் சரிவு தணிந்து போகிறது. அதாவது, சிறிதளவு நுண்துகளே இரத்தக்குழாய்களைச் சீண்டப் போதுமானது. நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும் இருபது பிடிப்பவருக்கு ஏற்படும் கூடுதல் இதயநோய் அபாயத்தில் பாதியளவு ஏற்பட்டுவிடுகிறது என்று 2018இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டன் மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு சொல்வதும் இதே வளைவின் இன்னொரு இடத்தைத்தான். ‘குறைச்சுட்டேன் மேடம், நாலுதான்’ என்று பெருமையோடு சொல்பவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

எனவே ‘இத்தனை சிகரெட்டுக்குச் சமம்’ என்ற வாக்கியத்தின் மேல் எனக்கு வருத்தம் உண்டு. புகைக்காதவரைப் பீதியடையச் செய்யும் அதே வாக்கியம் புகைப்பவருக்குச் சாக்காகிவிடுகிறது. இதயத்துக்கு ஓரளவு பொருந்தும் அந்தச் சமன்பாடு நுரையீரல் புற்றுநோய்க்குப் பொருந்தாது: நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் அந்தப் புற்றுநோயின் அபாயம் சுமார் 9 விழுக்காடு கூடுகிறது, புகைபிடிப்பவருக்கோ புகைக்காதவரைவிட 15 முதல் 30 மடங்கு.

இந்த ஒப்பீடு புதியதும் இல்லை. லண்டனில் நுரையீரல் புற்றுநோய் ஏன் பெருகுகிறது என்று பிரிட்டன் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் ஆராயத் தொடங்கியபோது, டால் முதலில் சந்தேகப்பட்டது மோட்டார் வண்டிப் புகையையும் சாலைகளுக்குப் போடும் தாரையும்தான். மருத்துவமனைகளில் படுத்திருந்தவர்களிடம் கேட்டுத் திரட்டிய விவரங்கள் 1950இல் வெளிவந்தபோது, நுரையீரல் புற்றுநோய் கண்ட 649 ஆண்களில் புகைபிடிக்காதவர்கள் இரண்டே பேர். ஆய்வு முடியும் முன்பே டால் தம் சிகரெட்டை விட்டுவிட்டார். நகரக் காற்று நிரபராதி என்று ஆகிவிடவும் இல்லை. இரண்டே ஆண்டுகளில், 1952 டிசம்பரில், நிலக்கரிப் புகை ஐந்து நாட்கள் லண்டனை மூடி ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. அமெரிக்காவின் ஆறு நகரங்களில் 8,111 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து 1993இல் வெளியான ஹார்வர்டு ஆய்வும் இரண்டையும் சேர்த்தே சொன்னது: மரணத்தோடு மிக வலுவாகப் பிணைந்திருந்தது சிகரெட், அதைக் கழித்த பின்னும், மிகத் தூய்மையான நகரத்தைவிட மிக மாசடைந்த நகரத்தில் மரண விகிதம் 26 விழுக்காடு கூடுதலாக இருந்தது.

என் பங்குக்கு நான் செய்த தவறு ஒன்றையும் எழுதிவிட வேண்டும். பணியில் சேர்ந்த முதல் ஆண்டுகளில் பெண்கள் வந்தால் புகைப்பழக்கக் கட்டத்தில் கேட்காமலே ‘இல்லை’ என்று எழுதிவிடுவேன். பதில் பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கும். கேள்வியை அங்கேயே நிறுத்திக்கொண்டதுதான் பிழை. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவின் அளவுகள் முப்பது ஆண்டு பீடி குடித்தவருடையவை போல இருந்தன. மருத்துவர் என்னைக் கூப்பிட்டு, ‘இவங்க என்ன வேலை பார்த்தாங்கன்னு கேட்டீங்களா?’ என்றார். வராந்தாவில் உட்கார்ந்திருந்தவரிடம் போய்க் கேட்டேன். ‘நெல் அவிக்கிற வேலைம்மா. அப்புறம் வீட்டுல விறகு அடுப்பு’ என்றார்.

இந்தியாவில் சி.ஓ.பி.டி. என்னும் நாட்பட்ட மூச்சடைப்பு நோயால் 2016இல் இழக்கப்பட்ட நலவாழ்வு ஆண்டுகளில் 53.7 விழுக்காட்டைக் காற்று மாசின் கணக்கிலும் 25.4 விழுக்காட்டைப் புகையிலையின் கணக்கிலும் எழுதியிருக்கிறது லான்செட் குழும இதழில் வந்த ஆய்வு. அடுப்புப் புகையும் அந்தக் காற்று மாசில் அடக்கம். ஓட்டுநர் சொன்னது சரிதான் போலிருக்கிறதே என்று முதலில் அதைப் படித்தபோது திகைத்தேன். பிறகுதான் விளங்கியது: நாட்டில் புகைபிடிக்கும் பெரியவர்கள் 2016–17 கணக்கெடுப்பின்படி 10.7 விழுக்காடு, மூச்சு விடுபவர்களோ அனைவரும். ஒவ்வொருவருக்கும் சிறிதாக இருக்கும் அபாயம் நூறு கோடிக்கும் மேற்பட்டவர்கள் மீது விழும்போது மலையாகிறது. எது பெரிய கேடு என்று ஒரு நாட்டைக் கேட்டால் ஒரு விடையும், என் முன் மூக்குக் கிளிப்போடு உட்கார்ந்திருக்கும் ஒருவரைக் கேட்டால் வேறு விடையும் கிடைப்பது அதனால்தான். அந்த ஒருவர் புகைப்பவராக இருந்தால், நகரத்தின் காற்று அவருடைய சிகரெட்டுக்கு மாற்றாக வருவதில்லை, அதன் மேல் ஏறி உட்காருகிறது.

அந்த ஓட்டுநர் அடுத்த முறை வந்தபோது தம் கிளீனர் பையனையும் அழைத்துவந்திருந்தார். எங்களிடம் மூச்சில் உள்ள கார்பன் மோனாக்சைடை அளக்கும் சிறு கருவி உண்டு. புகைப்பழக்கத்தை விட முயல்பவர்களுக்காக வைத்திருப்பது. மூச்சை அடக்கி மெதுவாக ஊத வேண்டும். பத்துக்கு மேல் காட்டினால் அண்மையில் புகைத்திருக்கிறார் என்று பொருள். ஓட்டுநருக்கு 19 காட்டியது. ஒரே வண்டி, ஒரே சாலை, ஒரே நெரிசல். புகைபிடிக்காத பையனுக்கு 4. பையனிடமிருந்து கருவியை வாங்கிச் சற்று நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கருவி ஒரே ஒரு வாயுவைத்தான் அளக்கும், டீசல் புகையின் நுண்துகளைப் பற்றி அது எதையும் சொல்லாது என்பதையும் நான் அவரிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் அன்றைக்கு என் வாதம் இன்னும் அழகாக வென்றிருக்கும். ஆனால் டீசல் புகையையும் 2012இல், வெளிக்காற்று மாசையும் 2013இல், உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை இருக்கும் அதே முதல் பட்டியலில், அதாவது புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியானவற்றின் பட்டியலில், சேர்த்திருக்கிறது என்று தெரிந்துகொண்டே அந்தப் பையனின் 4ஐ நற்சான்றிதழ் போலக் காட்டுவதற்கு மனம் ஒப்பவில்லை.

சிகரெட்டைப் பற்றி அவரிடம் உறுதியாகச் சொல்ல முடிந்தது ஒன்றுண்டு. டால் குழுவினர் பிரிட்டன் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து 2004இல் வெளியிட்ட முடிவின்படி, வாழ்நாளெல்லாம் புகைப்பவர் சராசரியாகப் பத்து ஆண்டுகளை இழக்கிறார்; ஐம்பது வயதில் விட்டவருக்கு அதில் ஆறு திரும்பக் கிடைக்கிறது. சாலையை விடு என்று நான் யாரிடம் சொல்வது? உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது. 2009இல் நம் நாடு வகுத்துக்கொண்ட வரம்பே 40.

எட்டு மாதம் கழித்து அவர் மீண்டும் வந்தார். கருவி 3 காட்டியது. முதல் நொடிக் காற்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் வயதில் குறையாமல் இருப்பதே நல்ல செய்தி என்று மருத்துவர் சொல்வார். ‘சரி மேடம், நான் விட்டுட்டேன். ரோடு எப்ப விடும்?’ என்று கேட்டுச் சிரித்தார். பதில் சொல்லாமல், படிவத்தின் அடியில் குறிப்புகளுக்கு விட்டிருக்கும் இரண்டு வரி இடத்தில் எழுதினேன்: ‘கனரக வாகனச் சாலை, 26 ஆண்டுகள், நாளுக்குச் சுமார் 11 மணி நேரம்.’ எதை எதோடு பெருக்கினால் ஒற்றை எண் வரும் என்று தெரியாததால் அதை அப்படியே விட்டுவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டேன்.