பிக் எயார் போட்டியில் எதைப் பார்ப்பது?

பனிச்சரிவில் சறுக்கி வந்து, விளிம்பில் எகிறி, காற்றில் சுழன்று இறங்கும் விளையாட்டுதான் பிக் எயார். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர். 2026 குளிர்கால ஒலிம்பிக்கின் பிக் எயார் போட்டிகள் நடந்த இத்தாலியின் லிவிஞ்ஞோ 1816 மீற்றர். உயரத்தில் நாம்தான் ஒரு படி மேலே. ஆனால் நமக்கு வாய்த்தது ஜனவரி, பெப்ரவரி விடியலில் கொழுந்தைக் கருக்கும் உறைபனி மட்டும். இரண்டு காலையும் ஒரே பலகையில் கட்டும் ஸ்னோபோர்ட்டையும், காலுக்கு ஒன்றாகக் கட்டும் ஸ்கீயையும் டீவியிலும் போனிலும்தான் பார்க்கிறோம். பார்க்கிறவர்கள் சுழற்சியோடு கண்ணை நிறுத்திவிடாமல், இறங்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும்.

எகிறும் விளிம்புக்கும் இறங்கும் சரிவுக்கும் நடுவே தட்டையான மேடு ஒன்று இருக்கும். வேகம் குறைந்தால் அந்த மேட்டிலேயே விழுவார்கள். விழுந்த வேகம் முழுவதும் முழங்காலுக்குப் போகும். வேகம் கூடினால் சரிவையும் தாண்டி அடிவாரச் சமதரையில், அதே அடி. சரிவின் மேல்பாதியில் இறங்கினால், விழும் திசையும் தரையின் சாய்வும் கிட்டத்தட்ட ஒன்றாகி, அப்படியே சறுக்கிப் போய்விடலாம். தேயிலை மலைச் சரிவில் குதிப்பதற்கும் கீழே தார் ரோட்டில் குதிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். எதிர்க்காற்றும் வெயிலில் இளகிய பனியும் வேகத்தைத் தின்றுவிடும். அதனால்தான் எவ்வளவு உயரத்திலிருந்து சறுக்கி வர வேண்டும் என்பதைப் பயிற்சியின்போதே பார்த்து வைத்துக்கொள்கிறார்கள்.

சுழல்வதற்கான விசையைத் தோளாலும் இடுப்பாலும் விளிம்பிலேயே எடுத்துவிட வேண்டும். காற்றில் புதிதாக எதையும் சேர்க்க முடியாது. உடம்பைச் சுருக்கினால் வேகமாகச் சுற்றும், விரித்தால் மெதுவாகும், அவ்வளவுதான். இறங்கும்போது கால் சுற்று பாக்கியிருந்தால் பலகை குறுக்கே நிற்கும். அதன் ஓரம் பனியில் சிக்கி ஆளைத் தூக்கிப் போடும்.

சுற்றை எண்ணுவது சுலபம். ஒரு சுற்று 360. முன்பக்கமாகப் புறப்பட்டவர் முன்பக்கமாகவே இறங்கினால் முழுச் சுற்றுகள்: 1080, 1440, 1800. பின்பக்கமாக இறங்கினால் அரைச் சுற்று சேரும்: 1260, 1620. 2025 ஜனவரியில் ஜப்பானின் ஹிரோட்டோ ஒகிவாரா ஸ்னோபோர்ட்டில் 2340 இறக்கினார். ஆறரைச் சுற்று! நம்பவே முடியாத காரியம் அது.

ஒலிம்பிக் இறுதியில் மூன்று பாய்ச்சல். சிறந்த இரண்டின் புள்ளிகள் சேரும். ஒரே வித்தையை இரண்டு தரம் காட்டிக் கணக்குச் சேர்க்க முடியாது. 2022 பெய்ஜிங்கில் பெண்கள் ஸ்கீ இறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாய்ச்சல் முடிவில் பிரான்சின் டெஸ் லெடூ 187.50 புள்ளியோடு முதலிடம். சீனாவின் ஐலீன் கூ 93.75, 88.50 எடுத்து மூன்றாவது. கடைசிப் பாய்ச்சலில் கூ, எந்தப் போட்டியிலும் அதுவரை தான் இறக்கியிராத 1620ஐ எடுத்தார். 94.50 கிடைத்தது, 88.50 கழிந்து மொத்தம் 188.25 ஆனது. லெடூவுக்கு இன்னும் ஒரு பாய்ச்சல் இருந்தது. சுத்தமாக இறங்க முடியவில்லை. 0.75 புள்ளியில் தங்கம் கூவுக்குப் போனது.