ஐந்தாவது கோனில் வழுக்கிய பின்சக்கரங்கள்

சென்ற ஆண்டு முழுவதும் என் கார் ஒரே இடத்தில்தான் என்னைக் கைவிட்டது. மலேசியாவின் ஷா ஆலாமில் ஒரு பெரிய கார் நிறுத்துமிடத்தில் நாங்கள் ஜிம்கானா, அதாவது கோன்களுக்கு நடுவே நேரம் பார்த்து ஓட்டும் கார்ப் போட்டி, ஓட்டுவோம். அங்கே வரிசையாக நிறுத்திய கோன்களை இடமும் வலமுமாக வளைந்து கடக்கும் பகுதியில், முதல் மூன்று கோன்களைச் சிக்கலின்றித் தாண்டிவிடுவேன். நான்காவதில் கார் லேசாகத் தயங்கும். ஐந்தாவதில் பின்சக்கரங்கள் சட்டென்று வழுக்கும். கோன் விழுந்தால் நேரத்தில் வினாடிகள் கூடும் என்பதால், ஓட்டம் அங்கேயே முடிந்த மாதிரிதான். வழுக்குவது ஏன் எப்போதும் ஐந்தாவதில், ஏன் ஒருமுறைகூட முதலாவதில் இல்லை என்ற கேள்வியைத் தொடக்கத்திலேயே கேட்டிருந்தால் எனக்குப் பணமும் பல வார இறுதிகளும் மிச்சமாகியிருக்கும்.

கார் முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5. 1989-இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான இந்த வண்டி ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்கப்பட்டது. என்னிடம் இருப்பது அங்கிருந்து பழைய வண்டியாக இறங்கிய 1.6 லிட்டர் கார். எடை ஒரு டன்னுக்கும் குறைவு, எஞ்சின் முன்னால், இழுவை பின்சக்கரங்களில். நான்கு சக்கரங்களுக்கும் மேலும் கீழுமாக இரண்டு விஷ்போன் கைகள் (சக்கரத்தை உடலோடு இணைக்கும் V வடிவக் கைகள்) உண்டு. உடல் ஒருபக்கம் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரத்தின் தலை தானாகவே உள்ளே சாய்ந்துகொடுப்பதால், டயர் தரையில் ஓரளவு முழுதாகப் படிகிறது. இவ்வளவு நல்ல அமைப்பைக் கெடுக்கச் சிறிது உழைப்பு தேவை. அந்த உழைப்பை நான் மனமாரச் செய்தேன்.

செப்பாங் தடத்தில் ஓட்டும் நண்பர்கள் சொன்னதைக் கேட்டு, பழைய காயிலோவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-அப்சோர்பர் தொகுதி) ஒரு செட் வாங்கிப் பொருத்தி, காரை 40 மி.மீ. தாழ்த்தினேன். பின்பக்கம் வழுக்கியதும் ஸ்பிரிங் மென்மையாக இருக்கிறது என்று முடிவுகட்டி, 6 கிலோ ஸ்பிரிங்கை (ஒரு மி.மீ. அமுக்க 6 கிலோ சுமை தேவைப்படுவது) கழற்றி 8 கிலோவைப் போட்டு, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் அப்சோர்பரின் திருகையும் ஏறக்குறைய முழுமையாக இறுக்கினேன். அந்த நண்பர்கள் சொன்னது அவர்களுடைய தடத்துக்குச் சரியாக இருக்கலாம். செப்பாங் 5.543 கிலோமீட்டர் நீளமும் 15 வளைவுகளும் கொண்டது. அங்கே நீண்ட, வேகமான வளைவுகளில் கார் ஒருபக்கமாகச் சாய்ந்து நிலைத்திருக்க நேரம் இருக்கிறது. எங்கள் கார் நிறுத்துமிடத்தில் இரண்டாவது கியரைத் தாண்டுவதே அரிது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து முடிப்பதற்குள் மறுபக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. இந்த வேறுபாடு அப்போது எனக்கு உறைக்கவில்லை. 8 கிலோ ஸ்பிரிங்கோடு கார் நான்காவது கோனிலேயே வழுக்கத் தொடங்கியது.

செந்தூலில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் போய் இன்னும் கடினமான ஸ்பிரிங் கிடைக்குமா என்று கேட்டேன். அவர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "தம்பி, ஸ்பிரிங்க விடு. அப்சோர்பர் எவ்வளவு இறங்குதுன்னு என்னைக்காவது பாத்தியா?" என்றார். நான் விழித்தேன். மேசை இழுப்பறையிலிருந்து மெல்லிய கேபிள் டை நான்கை எடுத்து, ஒவ்வோர் அப்சோர்பரின் பளபளக்கும் தண்டிலும் ஒன்றைச் சுற்றி இறுக்கி, அதைக் கீழே உருளையோடு ஒட்டினாற்போல் தள்ளி வைத்தார். சக்கரம் ஏறும்போது உருளை அந்த டையை மேலே தள்ளும். இறங்கும்போது டை அங்கேயே நின்றுவிடும். "ஒரு ரன் ஓட்டிட்டு வந்து காட்டு," என்றார். கூலி வாங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் ஓட்டம் முடிந்ததும் படுத்துப் பார்த்தேன். முன்பக்க டைகள் தண்டின் நடுவில் நின்றன. பின்பக்கத்தில் இரண்டுமே தண்டின் உச்சியில் இருக்கும் ஸ்டாப்பர் ரப்பருக்குள் புதைந்து, ஒன்று நசுங்கியும் போயிருந்தது.

சக்கரம் எல்லை மீறி ஏறாமல் தடுப்பதுதான் அந்த ரப்பரின் வேலை. அதில் முட்டிய கணத்தில் ஸ்பிரிங்கின் கணக்கு முடிந்துவிடுகிறது. பின்பக்கம் ஏறக்குறையக் கல்லாகிறது. அப்போது சாய்வைத் தாங்கும் பொறுப்பில் பெரும்பங்கு பின்பக்கத்துக்கு மாறி, பின்னால் இருக்கும் இரண்டு டயர்களில் வெளிப்பக்கத்து டயர் மிகுதியான சுமையையும் உள்பக்கத்து டயர் மிகக் குறைந்த சுமையையும் சுமக்கின்றன. டயரின் பிடி சுமைக்கு ஏற்ற அதே விகிதத்தில் கூடுவதில்லை. ஆகவே சுமை சமமின்றிப் பிரியும்போது இரண்டு டயர்களின் மொத்தப் பிடி குறைகிறது. அதுவும் படிப்படியாகக் குறையாமல் சட்டென்று குறைகிறது. என் கைக்குச் செய்தி வருவதற்குள் பின்பக்கம் போய்விடுவது இதனால்தான்.

ஆனால் ஏன் ஐந்தாவது கோன்? அதற்கு விடை நான் இறுக்கிய திருகில் இருந்தது. அந்தத் திருகு பெரும்பாலும் அப்சோர்பர் நீளும் வேகத்தையே கட்டுப்படுத்துகிறது. கோன்களுக்கு இடையே 15 மீட்டர். நான் போகும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர். அதாவது கோனுக்கு ஒரு வினாடி. அமுங்கிய ஸ்பிரிங் அந்த ஒரு வினாடிக்குள் முழுதாக நீள முயல்கிறது, இறுக்கிய அப்சோர்பர் அதை விடுவதில்லை, அதற்குள் அடுத்த வளைவு வந்து மறுபடி அமுக்குகிறது. ஒவ்வொரு கோனிலும் காரின் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே வந்து, ஐந்தாவதில் ரப்பரைத் தொடுகிறது. திருகை மேலும் இறுக்கியபோது நான்காவதிலேயே தொட்டது. கடினமான ஸ்பிரிங்கால் நான் பெறவேண்டிய பலனை அந்தத் திருகு தின்றுவிட்டது.

காரை 20 மி.மீ. உயர்த்தினேன், திருகை ஒன்பது கிளிக் தளர்த்தினேன், பழைய 6 கிலோ ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டேன். கணக்கும் அதற்கு இடம் தந்தது. ஸ்பிரிங், சக்கரத்துக்கு நேர் மேலே இல்லாமல் கையின் உள்பக்கமாக அமர்ந்திருப்பதால், சக்கரம் 10 மி.மீ. ஏறும்போது அது 7 மி.மீ. அளவே அமுங்குகிறது, அந்த விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்கினால், 6 கிலோ ஸ்பிரிங் சக்கரத்தருகே 3 கிலோ அளவுக்குத்தான் வேலை செய்கிறது. ஒரு மூலையில் ஏறக்குறைய 225 கிலோ எடை என்று வைத்துக்கொண்டால், உடல் வினாடிக்கு 1.8 முறை ஆடும். சாதாரணக் குடும்பக் கார்கள் இதைவிட நிதானமாக, ஒன்று முதல் ஒன்றரை முறை வரை ஆடும். வாரநாளில் இதே காரில்தான் ஃபெடரல் ஹைவேயில் வேலைக்குப் போகிறேன் என்பதால், இதற்கு மேல் கடினம் எனக்குத் தேவையில்லை. அந்த ஞாயிறு ஐந்தாவது கோனை முதன்முறையாக நேராகப் பார்த்தேன். என் சிறந்த நேரம் 48.3 வினாடியிலிருந்து 47.1-க்கு இறங்கியது.

உயரம் மாறினால் எலைன்மென்டும், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணங்களும், மாறும். வீட்டு முற்றத்தில், தூண்டில் நரம்பைக் காரின் இருபுறமும் இணையாகக் கட்டி நானே அளந்தேன். ஓட்டுநர் இருக்கையில் என் எடைக்கு ஈடாகப் பத்து கிலோ அரிசி மூட்டைகள் ஏழை அடுக்கியிருந்தேன். என் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, அரிசிக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார். கோணங்களைச் சரிசெய்யும் திருகாணிகளில் இரண்டு, பழைய வண்டிகளில் வழக்கமாக நடப்பதுபோல், கைகளின் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் இரும்புக் குழலோடு துருவேறி ஒன்றாகிவிட்டதால், அவற்றை அண்ணன் பட்டறையில் அறுத்தே எடுக்க வேண்டியிருந்தது. இப்போது முன் கேம்பர், அதாவது சக்கரத்தின் தலை சாயும் கோணம், இரண்டேகால் டிகிரி உள்சாய்வு, பின்னால் இரண்டு. முன்சக்கரங்கள் மொத்தம் 2 மி.மீ. வெளிநோக்கி இருக்கின்றன, ஸ்டியரிங்கைத் தொட்டதும் மூக்கு திரும்புகிறது, ஆனால் நெடுஞ்சாலையில் கார் லேசாக அலைகிறது, டயரின் உள்விளிம்பும் சீக்கிரம் தேயும். பின்சக்கரங்களை ஒன்றரை மி.மீ. உள்நோக்கியே வைத்திருக்கிறேன், அங்கே வீரம் காட்டும் எண்ணம் இனி இல்லை.

காற்றழுத்தத்தைப் பற்றி ஒரு சொல். காலை எட்டு மணிக்கு 26 பிஎஸ்ஐ வைத்தால், நம் ஊர் வெயிலில் தார் கொதிக்கும் நண்பகலில் டயர் 20 டிகிரி கூடுதலாகச் சூடேறி 29-ஐத் தொடுகிறது. டயரின் தோளில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, ஓட்டம் முடிந்ததும் அது எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்த்துக் காற்றை இறக்குகிறேன்.

மிச்சமிருப்பது ஒரு குறை. கடைசி கோனைச் சுற்றி முழுதாகத் திரும்பி வெளியேறும்போது உள்பக்கப் பின்சக்கரம் தூக்கிக்கொண்டு வெறுமனே சுழல்கிறது. எஞ்சினின் இழுவையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியல் என் வண்டியில் சாதாரணமானது, சுழலும் சக்கரம் இருக்கும்வரை மற்றதற்கு இழுவை வராது. இரு பின்சக்கரங்களையும் இணைத்துச் சாய்வைக் குறைக்கும் ஆண்டிரோல் பாரின் ஒரு முனையைக் கழற்றிவிட்டால் அந்தச் சக்கரம் தரையிலேயே இருக்கும் என்று நினைக்கிறேன். அதை மட்டும் மாற்றிவிட்டு, வேறெதையும் தொடாமல் ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்த முனையைப் பிடித்திருக்கும் லிங்க்கின் நட்டும் துருப்பிடித்திருக்கிறது. நேற்று இரவிலிருந்து எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கிறது.