லிட்டரில் அளந்த சோப்பு

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு

பொங்கலுக்குக் களத்தில் கொடுத்த ஐந்து லிட்டர் தேங்காய் எண்ணெய் கேன் இன்று வரை மூடி திறக்காமல் கிடந்தது. காங்கேயத்தில் கொப்பரைக் களத்துக்குக் கணக்கு எழுதுகிறவள் வீட்டில் எண்ணெய்க்கா பஞ்சம்? சோப்பு போட்டுப் பார்க்கிறேன் என்று ஆறு மாதமாக வாயால் போட்டுக்கொண்டிருந்தேன். இன்று கையால் போட்டாயிற்று.

கணக்கு இது: தேங்காய் எண்ணெய் 300, கடலை எண்ணெய் 150, விளக்கெண்ணெய் 50. எந்த எண்ணெய் சோப்பாக எவ்வளவு காஸ்டிக் சோடா கேட்கும் என்பதற்கு அட்டவணை இருக்கிறது. கிலோவுக்குத் தேங்காய் எண்ணெய் 183 கிராம், கடலை 136, விளக்கெண்ணெய் 128. என் எண்ணெய் அளவுக்குப் பெருக்கிக் கூட்டினால் 81.7. அதில் நூற்றுக்கு ஐந்து கழித்து 77.6 எடுத்தேன். கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சினால்தான் தோல் பிழைக்கும். தண்ணீர் 155.

காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். அலுமினியப் பாத்திரமும் ஆகாது, அரித்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். அதனால் பழைய எவர்சில்வர் தூக்குப்போசி, கையுறை, மகளின் லேப் கண்ணாடி. அடுப்பே இல்லாமல் தண்ணீர் தொட முடியாத சூடு ஏறுவதைப் பார்க்கக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ஆறவைத்து எண்ணெயில் ஊற்றி, ஹேண்ட் பிளெண்டரை நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன். எண்ணெய் முதலில் மோர் நிறமானது, பிறகு தோசை மாவுப் பதம். கரண்டியைத் தூக்கி மேலே கோடு போட்டால் கோடு அமுங்காமல் நிற்க வேண்டும். இதைத்தான் 'ட்ரேஸ்' என்கிறார்கள். நின்றது. ஐஸ்கிரீம் டப்பாவில் ஊற்றித் துண்டு போர்த்தினேன்.

பிப்ரவரி 10

பர்ஃபி மாதிரி வெட்ட வந்தது. ஏழு கட்டி. ஆபீசுக்குப் போட்டோ எடுத்துப் போய்க் காட்டினேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

காட்டியிருக்க வேண்டாம்.

விரலை நனைத்துக் கட்டியில் தேய்த்து, நுனி நாக்கில் லேசாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். நல்ல சோப்பு வெறும் சோப்பாகக் கசக்கும். காஸ்டிக் மிச்சமிருந்தால் பழைய பேட்டரியை நாக்கில் வைத்தது போலச் சுள்ளென்று இழுக்கும். இழுத்தது. ஒரு கட்டி தவறாமல் ஏழும்.

மகள் ஒன்பதாவது படிக்கிறாள். "மஞ்சள் வெச்சுப் பாரும்மா" என்று தண்ணீரில் மஞ்சள்தூளைக் கலக்கிக்கொண்டு வந்தாள். சோப்பு பட்டதும் ஆரத்தித் தண்ணீர் மாதிரி சிவந்தது. "பாத்தியா!" என்றாள். சரி, குளியலறையில் இருக்கிற கடை சோப்பையும் தேய் என்றேன். அதுவும் சிவந்தது. எல்லாச் சோப்பும் காரம்தான், மிளகாய்க் காரமல்ல, அமிலத்துக்கு எதிர். காரமா என்று மஞ்சள் சொல்லும், எவ்வளவு மிச்சம் என்று சொல்லாது.

நோட்டை மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். கூட்டல் சரியாக இருந்தது. பதினோரு வருடம் பேரேடு எழுதியவளுக்குக் கூட்டல் தப்பாது. கடைசியில் கண்டுபிடித்ததும் மகள்தான். கடலை எண்ணெய்ப் பாக்கெட்டைத் திருப்பி, "ஒரு லிட்டர்னா 910 கிராம்னு போட்டிருக்கேம்மா?" என்றாள். காஸ்டிக்கையும் தண்ணீரையும் தராசில் நிறுத்த நான், எண்ணெயை மட்டும் சமையல் பழக்கத்தில் அளவு ஜாடியில் மில்லியாக அளந்திருக்கிறேன். ஐநூறு மில்லி என்பது சுமார் 460 கிராம். நாற்பது கிராம் எண்ணெய் துண்டு விழுந்துவிட்டது. இருக்கிற எண்ணெய்க்கு 75 கிராம் காஸ்டிக் போதும், போட்டது 77.6. மிஞ்சிய அந்த இரண்டு சொச்சம் கிராம்தான் நாக்கை இழுத்தது.

களத்தில் எந்தப் பையனாவது கிலோவையும் லிட்டரையும் பேரேட்டில் ஒரே பத்தியில் எழுதினால் சத்தம் போடுகிற ஆள் நான். இது வெளியே போகக் கூடாது.

பிப்ரவரி 23, ஞாயிறு

காலையில் ஏழு கட்டியையும் கேரட் துருவியில் துருவி, கொதிநீருக்குள் பாத்திரம் வைத்து, விட்டுப்போன 40 கிராம் எண்ணெயைச் சேர்த்து ஒரு மணி நேரம் கிளறினேன். களி கிண்டிய தோள்தான், ஆனாலும் வலித்தது. பார்க்க அழகில்லை, கருப்பட்டி உருண்டை மாதிரி இருக்கிறது. நாக்கில் வைத்தால் இப்போது சுள் இல்லை.

மத்தியானம் அதே கணக்கில் இரண்டாவது போடு. எல்லாமே கிராம்.

மார்ச் 2, ஞாயிறு

வெட்டிய சோப்பு காய நாலைந்து வாரம் ஆகும், அதுவரை சும்மா இருக்க முடியவில்லை. மூன்றாவது போட்டில் மஞ்சள்தூள். காரம் பட்டதும் குங்குமச் சிவப்பு. அச்சில் ஊற்றும்போது செங்கல் நிறத்துக்கு இறங்கியிருந்தது. மஞ்சள் சோப்பு வேண்டும் என்று கேட்டிருந்த ஒருத்திக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

நாலாவதில் மல்லிகை வாசனை எண்ணெய். ஊற்றி இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. பூ வாசனைகளில் சில சோப்பை இப்படி இறுக்கிவிடும் என்று பிறகு படித்தேன். உப்புமா மாதிரி அள்ளி அமுக்கி வைத்திருக்கிறேன். வாசனை மட்டும் பிரமாதம்.

மார்ச் 16, ஞாயிறு

மெழுகுவத்திக்குத் தாவியிருக்கிறேன். பாரஃபின் மெழுகில் பத்துக்கு ஒரு பங்கு ஸ்டியரிக் அமிலம். மெழுகை நேராக அடுப்பில் வைக்கக் கூடாது, தண்ணீருக்குள் பாத்திரம் வைத்துத்தான் உருக்க வேண்டும்.

திரிக்கு எங்கே போவது என்று யோசிக்காமல் கார்த்திகை விளக்குத் திரியை முறுக்கி வைத்தேன். அகல் விளக்கில் ராணி மாதிரி எரிகிற திரி இதில் புகைந்து தலைகருகி அணைந்தது. மெழுகுவத்தித் திரி பின்னிய திரியாக இருக்க வேண்டுமாம். பின்னல் இருந்தால் எரிய எரிய நுனி ஒரு பக்கமாக வளைந்து சுடருக்கு வெளியே வரும், வந்த நுனி தானே எரிந்து உதிரும். முறுக்கிய திரி நட்டமாக நின்று கரிக்கட்டையாகிவிடுகிறது.

ராத்திரி மகள் இன்னொன்று செய்தாள். துருவிய சோப்பைச் சுடுதண்ணீரில் கரைத்து வினிகரை ஊற்றினாள். பால் திரிந்தது போல வெள்ளையாகத் திரண்டு மேலே மிதந்தது. எண்ணெயில் இருந்த கொழுப்பு அமிலங்கள்தான் அவை. இந்த வகையறாவில் ஒன்றுதான் நான் கடையில் பொட்டலமாக வாங்கிய ஸ்டியரிக்கும். பிரான்சில் செவ்ரல் என்பவர் சோப்பை இப்படி அமிலத்தால் உடைத்துப் பார்த்துத்தான் கொழுப்புக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்தறிந்தார். 1825இல் கேலுசாக் என்ற இன்னொரு வேதியியலாளரோடு சேர்ந்து ஸ்டியரிக் மெழுகுவத்திக்குக் காப்புரிமையும் வாங்கினார். நான் இரண்டு தொழில் பழகுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

ஒரே அளவு டம்ளர் மூன்று, உள்வாய் ஏழு சென்டிமீட்டர். ஒரே மெழுகு. பின்னிய திரி மட்டும் ஒல்லி, நடு, தடி. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவது என்று மல்லிகை உப்புமாவுக்குப் பிறகு முடிவு. காற்று படக் கூடாது என்று ஃபேனை நிறுத்திவிட்டு மூன்று மணி நேரம் மூவரும் வேர்வையில் உட்கார்ந்திருந்தோம். அத்தை பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, கரண்டு இருக்கறப்பவே எதுக்கு மெழுகுவத்தி?" என்றார்.

ஒல்லி: நடுவில் கிணறு தோண்டிக்கொண்டே போய்த் தன் மெழுகிலேயே மூழ்கியது. சுற்றிலும் மெழுகு அப்படியே சுவராக நிற்கிறது. தடி: ஒரு மணி நேரத்தில் விளிம்பு வரை உருகிவிட்டது, ஆனால் திரித் தலையில் காளான் மாதிரி கரி, டம்ளர் வாயெல்லாம் புகை, கண்ணாடியைத் தொட முடியவில்லை. நடு: மூன்று மணி நேரத்தில் விளிம்புக்கு ஒரு நூல் முன்னால் வந்து நின்றது. நடுவுக்கு டிக்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இரண்டாவது போட்டுக்கு இன்றோடு 42 நாள். வெட்டியபோது 112 கிராம் இருந்த கட்டி இப்போது 98. போனது தண்ணீர். விரல் நகம் இறங்காத அளவுக்கு இறுகியிருக்கிறது.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. கடை சோப்பு சிலது இதில் நுரையே காட்டாது, வாளியில் வெள்ளைப் படலம்தான் மிதக்கும். படலம் இதிலும் வந்தது, ஆனால் நுரையும் வந்தது, பொங்கி வந்தது. தேங்காய் எண்ணெய்ச் சோப்புக்கு அந்தக் குணம் உண்டு, கடல்தண்ணீரில்கூட நுரைக்கும் என்பார்கள். அத்தை குளித்துவிட்டு வந்து கையை நீட்டினார். "அழுக்கு போவுது. கூடவே தோலும் போவுது கண்ணு." தொட்டுப் பார்த்தேன், வறண்டுதான் இருந்தது. நூற்றுக்கு அறுபது தேங்காய் எண்ணெய் அதிகம். அடுத்ததில் நாற்பதாகக் குறைத்து நல்லெண்ணெய் ஏற்ற வேண்டும்.

ஏப்ரல் 20

சோயா மெழுகு வாங்கிப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று அழகாக உறைந்தது. இந்த வெயிலுக்கு மூன்றாம் நாளே மேலெல்லாம் வாசனை எண்ணெய் முத்துமுத்தாக வேர்த்திருக்கிறது. டிஷ்யூவால் ஒற்றி எடுத்தேன், சாயங்காலம் மறுபடி வேர்த்தது. குளிர் ஊர்க்காரர்களின் அளவை அப்படியே எடுத்த என்னைச் சொல்ல வேண்டும். அடுத்த தடவை வாசனையைப் பாதியாக்கிப் பார்க்கிறேன்.

மே 4, ஞாயிறு

இன்று அக்னி நட்சத்திரம் ஆரம்பம். தங்கைக்குக் கொடுப்பதற்காக வண்டிப் பெட்டிக்குள் வைத்த சோயா மெழுகுவத்தியை மத்தியானம் திறந்தால் சூப் ஆகியிருந்தது, திரி படுத்து மிதக்கிறது.

எதிர்வீட்டு அக்கா ஒரு டஜன் சோப்பு விலைக்குக் கேட்டார். விற்பதென்றால் 2020 அழகுசாதன விதிகளின்படி உற்பத்தி உரிமம் வேண்டும், வீட்டு அடுப்படியில் கிண்டி விற்கிற சமாச்சாரம் இல்லை இது. இரண்டு கட்டி சும்மா கொடுத்தேன். அந்தக் கருப்பட்டி உருண்டையில் ஒன்றைத்தான் அவர் முதலில் எடுத்தார், மூலிகை சோப்பு என்று நினைத்திருப்பார் போல.

நாளை எட்டாவது போடு: தேங்காய் 200, நல்லெண்ணெய் 250, விளக்கெண்ணெய் 50. நோட்டை எடுத்தால் மூன்று எண்ணுக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் 'கிராம்', 'கிராம்', 'கிராம்' என்று மகள் கையெழுத்து.